சோசலிசத்துக்கு வாக்கு விழுமா? சுவீடனின் அறுபது ஆண்டுகள்

கேள்வி இதுதான்: தனியார் சொத்துரிமையும் சந்தையும் வேரூன்றிய ஒரு ஜனநாயக நாட்டில், சோசலிசம் பேசும் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை மக்கள் மனமுவந்து வாக்களிப்பார்களா? கேட்டவர் தம் ஐயத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார். கையில் நாலு காசு சேர்ந்துவிட்ட பிறகு எவரும் உடைமையைப் பொதுவாக்கச் சம்மதிக்க மாட்டார்கள், ஆகவே சோசலிசம் வறிய நாடுகளின் கனவாகவே இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் பாதி சரி என்றும், மீதிப் பாதியை வரலாறு மறுத்திருக்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

இந்தியாவை வைத்து இதற்கு விடை தேடுவது கடினம். சோசலிசம் என்ற சொல் நம் அரசியலமைப்பின் முகப்புரையில் 42ஆம் திருத்தத்தின் வழியாக நுழைந்துவிட்டது. தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொரு கட்சியும், அது பங்குச் சந்தையையே கும்பிடுகிற கட்சியாக இருந்தாலும், சோசலிசக் கொள்கைக்குக் கட்டுப்படுவதாகச் சட்டப்படி உறுதி கூறியாக வேண்டும். எல்லோரும் சொல்லும் ஒரு சொல்லுக்கு வாக்குச் சாவடியில் என்ன விலை என்று அளக்க வழியில்லை. அந்தச் சொல்லைச் சொன்னதற்காகவே ஒரு கட்சி தோற்கவும், அதன் உள்ளடக்கத்தை வேறு விதமாகத் தந்ததற்காக அதே கட்சி வெல்லவும் செய்த இடத்தைப் பார்ப்பதே பயன் தரும். அத்தகைய இடம் சுவீடன். 1932 முதல் 1976 வரை, 1936 கோடையின் சில மாதங்கள் நீங்கலாக, அங்கே தலைமை அமைச்சர் பதவி சமூக ஜனநாயகக் கட்சியிடமே இருந்தது. சுதந்திரமான தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் இருந்த எந்த நாட்டிலும் ஒரு தொழிலாளர் கட்சிக்கு இதற்கு நிகரான ஆட்சிக்காலம் வாய்த்ததாகத் தெரியவில்லை.

1889இல் தொடங்கிய அந்தக் கட்சி, தொடக்கத்தில் மார்க்சியக் கட்சிதான். உற்பத்திச் சாதனங்களைச் சமூக உடைமையாக்குவது அதன் வேலைத்திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. 1920இல் யால்மர் பிராண்டிங் தலைமையில் முதன்முதலாகத் தனித்து ஆட்சி அமைத்தபோது, எந்தெந்தத் தொழில்களை எப்படிப் பொதுவுடைமையாக்குவது என்று ஆராய ஒரு குழுவை நியமித்தார்கள். அந்தக் குழு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் உட்கார்ந்து ஆராய்ந்து, அறிக்கை மேல் அறிக்கையாக எழுதி, ஒரு தொழிற்சாலையைக்கூட நாட்டுடைமையாக்காமல் கலைந்தது. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. கொள்கைக்கும் வாக்குக்கும் இடையே உள்ள தூரத்தைக் கட்சி தன் அனுபவத்தில் உணர்ந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த உணர்வு சம்மட்டி அடியாக விழுந்தது 1928 தேர்தலில். அவ்வாண்டு சனவரியில், கட்சிக்குத் தலைமை தாங்கிய பெர் ஆல்பின் ஹான்சன், நாடு ஒரு நல்ல இல்லத்தைப் போல இருக்க வேண்டும், அந்த இல்லத்தில் செல்லப்பிள்ளையும் கிடையாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கிடையாது என்ற கருத்தில் நாடாளுமன்றத்தில் ஓர் உரை ஆற்றியிருந்தார். 'மக்கள் இல்லம்' என்ற பெயரில் பிற்காலத்தில் புகழ்பெற்ற உரை அது. ஆனால் அந்தத் தேர்தலில் மக்கள் காதில் விழுந்தது அந்த உரை அன்று. கட்சி, பெரும் சொத்துகள் மீது கடுமையான வாரிசு வரி கேட்டிருந்தது. அதற்கான முன்மொழிவில், கட்சியின் பொருளாதாரச் சிந்தனையாளரான எர்ன்ஸ்ட் விக்ஃபோர்ஸ், ஏழ்மையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்போது மனிதர்கள் அதை அமைதியாகப் பொறுத்துக்கொள்வார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டார். எதிர்க்கட்சிகளுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. போதாக்குறைக்குக் கம்யூனிஸ்டுகளோடு தேர்தல் உடன்பாடு வேறு இருந்தது. இவர்களுக்குப் போடும் வாக்கு மாஸ்கோவுக்குப் போடும் வாக்கு என்றும், ரஷ்யக் குதிரைப்படையான கோசாக்குகள் வந்து குடும்பங்களைச் சூறையாடுவார்கள் என்றும் வலதுசாரிகள் சுவரொட்டி ஒட்டினார்கள். வாக்களித்தோர் விகிதம் சட்டென்று உயர்ந்தது. கட்சியின் பங்கு 41.1 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாக விழுந்தது. கையகல நிலம் வைத்திருந்த சிறு விவசாயியும், சேமிப்புப் புத்தகத்தில் சில நூறு குரோனர் வைத்திருந்த தச்சரும், வாரிசு வரி தங்களைத் தொடவே தொடாது என்றாலும், தங்களிடம் இருப்பதும் பறிபோகும் என்று அஞ்சினார்கள். இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கொஞ்சமே வைத்திருப்பவருக்கு இழப்பைப் பற்றிய அச்சம் பெரும் செல்வரின் அச்சத்தைவிடக் கூர்மையானது; இடதுசாரிக் கட்சிகள் இதைத் திரும்பத் திரும்ப மறந்திருக்கின்றன.

நான்கு ஆண்டுகள் கழித்து, அதே கட்சி, அதே விக்ஃபோர்ஸ், ஏறத்தாழ அதே வாக்காளர்கள். முடிவு மட்டும் வேறு. இடையில் உலகப் பொருளாதார மந்தம் வந்திருந்தது. 1931இல் ஓடாலன் பகுதியில் வேலைநிறுத்த ஊர்வலத்தின் மீது இராணுவம் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். 1932 மார்ச்சில் தீப்பெட்டிச் சாம்ராச்சியம் நடத்திய ஈவார் குரூகர் பாரிசில் தற்கொலை செய்துகொண்டார்; அவரிடம் பணம் வாங்கியது வெளிப்பட்டதால் தலைமை அமைச்சரே பதவி விலகினார். தொழிற்சங்க உறுப்பினர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. இந்தச் சூழலில் விக்ஃபோர்ஸ் உடைமையைப் பற்றிப் பேசவில்லை. வேலை செய்ய நமக்குக் கட்டுப்படியாகுமா என்று கேலியாகக் கேட்கும் தலைப்பில் ஒரு சிறுநூல் எழுதினார்: ஆட்கள் சும்மா இருக்கிறார்கள், போட வேண்டிய சாலைகளும் கட்ட வேண்டிய வீடுகளும் கிடக்கின்றன, இரண்டையும் சேர்ப்பதற்குக் கடன் வாங்கினால் நாடு ஏழையாகிவிடுமா என்பதே அதன் வாதம். கட்சி 41.7 சதவீதம் பெற்றது. பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆகவே 1933இல் விவசாயிகள் கட்சியோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பால் பொருள்களுக்கு விலை ஆதரவும், வெண்ணெய்க்குப் போட்டியாக இருந்த மார்கரின் மீது வரியும் விவசாயிகளுக்கு. வேலையற்றோருக்குச் சந்தைக் கூலியில் பொதுப்பணிகள் தொழிலாளர்களுக்கு. பத்திரிகைகள் இதை 'மாட்டுப் பேரம்' என்று எள்ளி நகையாடின. ஆனால் ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் எந்த நாட்டிலும் தனித்துப் பெரும்பான்மையாக இருந்ததில்லை. தொழிலாளர் கட்சி வெல்ல வேண்டுமானால் வேறொரு வகுப்போடு கைகோத்தாக வேண்டும். அந்தக் கணக்கைத் தத்துவச் சிக்கலாக்காமல் வெண்ணெய் விலையாக மாற்றிப் பேசியது சுவீடனின் கெட்டிக்காரத்தனம். 1940இல் கட்சியின் வாக்கு 53.8 சதவீதம், போர்க்காலத் தேசிய அரசுக்குத் தலைமை தாங்கியதன் பங்கும் அதில் உண்டு.

கொள்கையை மட்டும் பேசி அமைப்பைப் பேசாமல் விட்டால் படம் முழுமையாகாது. வேலையிழப்புக் காப்பீட்டு நிதிகளை அரசு மானியத்தோடு தொழிற்சங்கங்களே நடத்தும் முறை 1934இல் வந்தது. வேலை போனால் உதவித்தொகைக்காகச் சங்க அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதால் சங்கத்தில் சேராதிருப்பவர் குறைந்தார்கள். 1980களில் ஊழியர்களில் ஐந்தில் நால்வர் ஏதோ ஒரு சங்கத்தில் இருந்தார்கள். ஊர்தோறும் 'மக்கள் மன்றம்' என்ற கட்டடங்கள், தொழிலாளர் கல்விக் கழகத்தின் வாசிப்பு வட்டங்கள், கூட்டுறவுக் கடைகள் எனக் கட்சி தேர்தலுக்கு ஒருமுறை வந்து போகும் கூட்டமாக இல்லாமல் அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாக இருந்தது. தொலைக்காட்சி விவாதத்தில் சோசலிசத்தை விற்கலாமா என்று இன்று கேட்பவர்களுக்கு இந்த அடித்தளம் கண்ணில் படுவதே இல்லை.

போருக்குப் பின் கட்சி மீண்டும் பொருளாதாரத் திட்டமிடல், சில துறைகளில் அரசுடைமை என்று பேசத் தொடங்கியது. முதலாளிகள் பெரும் பணம் செலவழித்துத் திட்டமிடலுக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். 1948 தேர்தலில் கட்சி தப்பிப் பிழைத்தது என்றே சொல்ல வேண்டும். அதே 1948இல் நடைமுறைக்கு வந்த குழந்தை உதவித்தொகைதான் நிலைத்தது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 260 குரோனர்; ஏழைத் தாய்க்கும் உண்டு, வங்கி மேலாளரின் மனைவிக்கும் உண்டு. பணக்காரருக்கு எதற்கு என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் எல்லோருக்கும் போகும் பணத்தை வெட்டுவதாகச் சொல்லிவிட்டு எந்தக் கட்சியும் தேர்தலைச் சந்திக்க முடியாது. ஏழைக்கு மட்டும் போகும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம்.

இந்தத் தர்க்கம் முழு வடிவம் எடுத்தது ஓய்வூதியப் போராட்டத்தில். என் விடையின் மையமும் அதுவே என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1950களில் அலுவலக ஊழியர்களுக்குப் பெரும்பாலும் நல்ல ஓய்வூதியம் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அடிப்படை ஓய்வூதியம் மட்டுமே. சம்பளத்தை ஒட்டிய கட்டாயக் கூடுதல் ஓய்வூதியம் எல்லோருக்கும் வேண்டும் என்றது கட்சி. விருப்பமுள்ளவர் சேர்ந்தால் போதும் என்றன வலதுசாரிகளும் லிபரல்களும். விவசாயிகள் கட்சிக்கு மூன்றாவதாக ஒரு திட்டம் இருந்தது. 1957 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் அரசின் திட்டம் 45.8 சதவீதம் பெற்று முதலிடத்தில் வந்தாலும் பாதியைத் தொடவில்லை. விவசாயிகள் கட்சியோடு இருந்த கூட்டணி உடைந்தது, மசோதா தோற்றது, 1958இல் அவை கலைக்கப்பட்டு முன்கூட்டியே பொதுத்தேர்தல் நடந்தது. புதிய அவையில் திட்டத்தை ஆதரித்த தரப்புக்கு ஓர் உறுப்பினர் மட்டுமே அதிகம். அந்தத் தரப்பைச் சேர்ந்த அவைத்தலைவர் வாக்களிக்க முடியாது என்பதால் உண்மையில் இரு தரப்பும் சரிபாதி. 1959 மே மாதத்தில், லிபரல் கட்சியைச் சேர்ந்த தூரே கோனிக்சன் என்ற உறுப்பினர் வாக்களிக்காமல் விலகி நின்றார். அவர் கோத்தன்பர்க் நகரத்துத் தொழிலாளி. மசோதா 115க்கு 114 என்ற கணக்கில் நிறைவேறியது.

மயிரிழையில் நிறைவேறிய அந்தச் சட்டம் அடுத்த பத்தாண்டுத் தேர்தல்களையே மாற்றி அமைத்தது. முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு உழைப்பு போதும். தொகையோ, அதிகம் ஈட்டிய 15 ஆண்டுகளை வைத்துக் கணக்கிடப்படும். படித்து முடித்துத் தாமதமாக வேலைக்கு வந்து, பிற்காலத்தில் சம்பளம் உயரும் அலுவலக ஊழியருக்கு இந்த விதி பொன்னாக அமைந்தது. ஏழைகளுக்கு உதவும் கட்சி என்ற நிலையிலிருந்து சம்பளம் வாங்கும் அனைவரின் கட்சி என்ற நிலைக்கு அது நகர்ந்தது. 1960இல் 47.8 சதவீதம், 1968இல் 50.1 சதவீதம். (1968 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் சோவியத் படைகள் பிராகாவுக்குள் நுழைந்ததும், அதைச் சுவீடன் அரசு கடுமையாகக் கண்டித்ததும் அந்த வெற்றிக்குக் கைகொடுத்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.) கேட்டவர் சொன்னதற்கு நேர்மாறாக, வசதி பெருகிய பத்தாண்டில்தான் இந்தக் கட்சியின் வாக்கும் போருக்குப் பிந்தைய உச்சத்தைத் தொட்டது. வீடும் காரும் வாங்கிய தொழிலாளி கைவிட்டுப் போகவில்லை. முதுமையில் அந்த வாழ்க்கைத் தரத்தை இழக்காமல் இருக்கும் உறுதியைச் சந்தையைவிட அரசு நம்பகமாகத் தரும் என்று அவர் கணக்குப் போட்டார்.

இனி மறுபக்கம். சுவீடனின் தொழிற்சங்கங்கள், ஒரே வேலைக்கு எல்லா நிறுவனங்களிலும் ஒரே கூலி என்று பேரம் பேசி வந்தன. இதனால் நலிந்த நிறுவனங்கள் மூடின. கொழுத்த நிறுவனங்களோ தங்களால் கொடுக்க முடிந்ததைவிடக் குறைவாகக் கூலி கொடுத்துப் பெரும் லாபத்தைக் குவித்தன. அந்த மிகை லாபம் யாருக்குச் சேர வேண்டும்? தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொருளாதார அறிஞர் ருடால்ஃப் மைட்னர், 1975இல் ஒரு விடை தந்தார். பெரிய நிறுவனங்கள் ஆண்டு லாபத்தில் 20 சதவீதத்தைப் புதிய பங்குகளாக மாற்றி, தொழிற்சங்கங்கள் நிர்வகிக்கும் உழைப்பாளர் நிதிக்குத் தர வேண்டும். லாபம் செழிக்கும் நிறுவனங்களில் சில பத்தாண்டுகளில் பெரும்பான்மை உடைமை நிதியின் கைக்கு வந்துவிடும். யாருடைய சட்டைப்பையிலிருந்தும் பணம் எடுக்காமல், புரட்சி இல்லாமல், முதலாளித்துவத்தின் உடைமையையே மெல்ல இடம் மாற்றும் திட்டம். அறிவின் அளவில் பார்த்தால், ஜனநாயக நாடொன்றில் சோசலிசத்துக்காக முன்வைக்கப்பட்ட மிக நேர்த்தியான வரைபடம் இதுவே என்று நான் நினைக்கிறேன். 1976 சூனில் கூட்டமைப்பின் மாநாடு இதை ஏற்று, தொழிலாளர் இயக்கத்தின் பாடலான சர்வதேச கீதத்தைப் பாடிக் கொண்டாடியது.

செப்டம்பரில் கட்சி 42.7 சதவீதம் பெற்று, 44 ஆண்டுகளுக்குப் பின் ஆட்சியை இழந்தது. தோல்வியை நிதித் திட்டத்தின் தலையில் மட்டும் கட்டுவது தவறு. அணுமின் நிலையங்களுக்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. அந்தச் சனவரியில், வரிக் குற்றச்சாட்டின் பேரில் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மனை நாடக ஒத்திகையிலிருந்து காவலர்கள் அழைத்துச் சென்றார்கள். மார்ச்சில், நெடுங்காலம் இந்தக் கட்சிக்கே வாக்களித்துவந்த சிறுவர் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், தம் வருமானத்தின் கடைசிப் பகுதிக்கு 102 சதவீத வரி விழுவதைக் கேலிக்கதையாக்கி நாளிதழில் எழுதினார். இவையெல்லாம் சேர்ந்துதான் தோல்வி. ஆனால் அடுத்த ஏழு ஆண்டுகள் அரசியலை ஆட்டிப் படைத்தது உழைப்பாளர் நிதிதான். 1983 அக்டோபர் 4 அன்று அதை எதிர்த்துப் பல்லாயிரக்கணக்கானோர் ஸ்டாக்ஹோமில் ஊர்வலம் போனார்கள். தொழிலதிபர்கள் தெருவில் இறங்கிப் போராடிய அபூர்வக் காட்சி அது. மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த கட்சி, பல்லைப் பிடுங்கிய ஒரு வடிவத்தை அவ்வாண்டு டிசம்பரில் சட்டமாக்கியது. விவாதத்தின்போது நிதியமைச்சர் ஷெல் உலோஃப் ஃபெல்ட் ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டிருந்ததை மாடத்திலிருந்த புகைப்படக்காரர் படமெடுத்தார். உழைப்பாளர் நிதி ஒரு பாழாய்ப்போன குப்பை, இருந்தாலும் இதுவரை இழுத்து வந்துவிட்டோம் என்ற பொருளில் எதுகையோடு அமைந்த கவிதை அது.

அழகான திட்டம் ஏன் வாக்காளரைத் தொடவில்லை? முதலாளிகளின் பிரச்சாரம் பெரிது. ஆனால் 1959இலும் பிரச்சாரம் சிறிதாக இல்லை. என் பார்வையில் காரணம் வேறு. ஓய்வூதியத்தில் தமக்கு என்ன கிடைக்கும் என்று ஒருவர் அடுப்படி மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடலாம். உழைப்பாளர் நிதியில் அவருக்கென்று ஒரு பங்குப் பத்திரமும் இல்லை, ஈவுத்தொகையும் இல்லை. எல்லாம் கூட்டு உடைமை. மருத்துவமனைச் செவிலியருக்கும், ஆசிரியருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், வீட்டை நடத்தும் பெண்ணுக்கும் அதில் நேரடிப் பயன் என்னவென்று யாராலும் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை. முதலாளியின் நாற்காலியில் சங்கத் தலைவர் உட்கார்வார் என்பது மட்டும் புரிந்தது. தங்கள் சங்கத்தின் மீது மதிப்பு வைத்திருந்த தொழிலாளர்களே அதற்காக உருகவில்லை. 1932லும் 1958லும் கட்சி மக்களின் அச்சத்துக்கு மருந்து கொண்டுவந்தது. 1976இல் தன் கோட்பாட்டின் விடுபட்ட பக்கத்தை நிரப்பக் கொண்டுவந்தது.

பிரிட்டனில் இதே கோடு இன்னும் சுருக்கமாகத் தெரியும். 1945இல் தொழிற்கட்சி 393 இடங்களோடு வென்றது. 1948 சூலை 5 அன்று இலவசத் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. 1951இல் ஆட்சியை இழந்தபோதுகூடக் கன்சர்வேட்டிவ் கட்சியைவிட அது அதிக வாக்கு வாங்கியிருந்தது. வந்தவர்கள் எஃகுத் தொழிலைத் தனியாருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மருத்துவச் சேவையின் அடித்தளத்தில் கை வைக்கவில்லை. அமெரிக்காவிலோ, 1912 குடியரசுத் தலைவர் தேர்தலில் யூஜின் டெப்ஸ் பெற்ற 6 சதவீதமே சோசலிஸ்டுக் கட்சியின் உச்சம். ஆனால் மில்வாக்கி நகரம் அதே கட்சியின் டேனியல் ஹோனை 1916 முதல் 1940 வரை மேயராக வைத்திருந்தது. சுத்தமான குடிநீர், கழிவுநீர்க் குழாய், பூங்கா என்றே பேசியதால் 'சாக்கடை சோசலிஸ்டுகள்' என்று சக தோழர்களே அவர்களைக் கிண்டல் செய்தார்கள். 2025 நவம்பரில் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சோரான் மம்தானி தம்மைச் சோசலிஸ்ட் என்று மறைக்காமல் சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் வீதி வீதியாகப் பேசியது வீட்டு வாடகையையும் பேருந்துக் கட்டணத்தையும் குழந்தைக் காப்பகத்தையும்.

இதெல்லாம் சோசலிசமா, சீர்படுத்திய முதலாளித்துவம்தானே என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சுவீடனின் தொழில்துறையில் மிகப் பெரும் பகுதி எக்காலமும் தனியாரிடமே இருந்தது. பெரும் தொழிலதிபர்களான வாலன்பெர்க் குடும்பத்தின் பிடி சமூக ஜனநாயக ஆட்சியில் தளர்ந்ததாகச் சொல்ல முடியாது. 1976க்குப் பின் வந்த வலதுசாரி அரசுகள்தாம், திவாலாகும் நிலையிலிருந்த கப்பல் தளங்களையும் எஃகு ஆலைகளையும் காப்பாற்றுவதற்காக, அதற்கு முந்தைய 44 ஆண்டுகளைவிட அதிகமாக நாட்டுடைமையாக்கின என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். இதில் ஒரு கட்டமைப்புச் சிக்கலும் இருக்கிறது. நலத்திட்டங்களுக்கான பணம் வரியிலிருந்து வருகிறது, வரி வேலையிலிருந்து வருகிறது, வேலை முதலீட்டிலிருந்து வருகிறது. முதலீட்டை நிறுத்திவைக்கும் உரிமை உடைமையாளரிடம் இருக்கும்வரை, வாக்குப்பெட்டி திறப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு வாக்கு அதிகமாக இருக்கிறது. மைட்னர் தீர்க்க நினைத்தது இந்த முடிச்சைத்தான். ஆகவே என் விடையைத் துல்லியமாகச் சொல்வதானால்: நோய், முதுமை, வேலையிழப்பு, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைச் சந்தையின் கையிலிருந்து எடுத்துப் பொதுவில் வைக்கும் சோசலிசத்துக்கு முதலாளித்துவ ஜனநாயகத்தில் பெரும்பான்மை வாக்கு கிடைத்திருக்கிறது, வசதியான காலத்திலும் கிடைத்திருக்கிறது. உடைமையையே மாற்றும் சோசலிசம் சுவீடனில் வாக்காளரின் மனத்தைப் பிடிக்கவில்லை. கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பும் சரியான கைகளில், சரியான வடிவத்தில் வைக்கப்படவில்லை.

1991இல் கட்சி 37.7 சதவீதத்துக்கு இறங்கியது. கார்ல் பில்ட் தலைமையில் வந்த வலதுசாரி அரசு உழைப்பாளர் நிதிகளைக் கலைத்து, அந்தப் பணத்தில் பெரும்பகுதியை அறிவியல் ஆய்வு அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தது. அதற்காகக் கண்ணீர் விட்ட வாக்காளர் எவரும் இல்லை. குழந்தை உதவித்தொகையை அந்த அரசு தொடவில்லை. ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய அந்த ஓய்வூதியத் திட்டமோ, செலவு தாங்காமல் 1990களில் மாற்றப்பட வேண்டிய நிலைக்கு வந்தபோது, இடதும் வலதுமாக ஐந்து கட்சிகள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசி, 1998இல் கூட்டாகவே அதில் கை வைத்தன.